பாக்கெட் இருக்கும் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

சுண்டு, இது உன் டைரி. உன் கம்பெனியில் கொடுத்ததாம். முதல் பக்கத்தில் "இன்று முதல் தினமும் எழுதுவேன்" என்று எழுதியிருக்கிறாய், இடது பக்கம் சாய்ந்து விழுகிற அதே கோழிக் கிறுக்கல். அதோடு சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து ஒரே வெள்ளை. ஆரம்ப சூரன். மிச்சத்தை நான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு, பிழை இருக்கும். இருந்தால் இருக்கட்டும், நீ ஒன்றும் வாத்தியார் இல்லை.

இன்று அண்ணன் வந்தான். உன் கல்லறைக் கல்லுக்கு என்ன எழுத வேண்டும் என்று கல் வெட்டுகிறவருக்கு மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி, போன தேதி. அவ்வளவுதான் என்றான். கீழே இன்னும் ஒரு வரி வேண்டும் என்றேன். என்ன வரி என்றான். "மணிக்கூண்டுக் கோயிலின் உச்சியில் சாரம் கட்டியவன்."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஏம்மா, வாயால சொன்ன பொய் பத்தாதா? கல்லுல வேற வெட்டணுமா?"

அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நீ அளந்தது கொஞ்சமா? விமானம் ஓட்டுகிறவருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் என்றாய். மந்திரி வீட்டு நாய் உன்னைப் பார்த்தால் மட்டும்தான் வாலாட்டும் என்றாய். உன் பேச்சை நம்பி மழைக்குக் குடை எடுத்துப் போகிறவள்கூட நான் ஒருத்திதான்.

ஆனால் கோயில் கதையை மட்டும் நீ சிரிக்காமல் சொல்வாய். பன்னிரண்டு வருஷம் முன்னால் அந்த மணிக்கூண்டைப் பழுது பார்த்தபோது உச்சி வரைக்கும் இரும்புக் குழாயில் சாரம் கட்டினது நீதான், அங்கேயே இருக்கிற மியூசியத்தில் உன் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள் என்று. ஆஸ்பத்திரியில் பேச மூச்சு இல்லாதபோதும் அதைத்தான் சொன்னாய். "மூணாவது ரூம், ஜன்னல் பக்கம். போய்ப் பாருக்கா. ஆனா பாத்தா உனக்கே அடையாளம் தெரியாது."

பஸ்ஸில் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை.

நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று. அதுவரை அந்தக் கல்லில் யாரும் கை வைக்கக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

ஒரு நாள் டூருக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அண்ணி போன் பண்ணி, "தம்பி போய் ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள டூர் கேக்குதா?" என்றாள். ஆமாம், கேக்குது என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 8, ஞாயிறு

இப்போதுதான் வந்தேன். கால் இரண்டும் பூசணிக்காய். வெந்நீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பஸ்ஸில் எல்லாரும் ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாக. நான் தனி. வழிகாட்ட வந்த பெண் மஞ்சள் குடை வைத்திருந்தாள். எல்லாரையும் "ஃபேமிலி" என்றே கூப்பிட்டாள். "ஃபேமிலி, குடையை மட்டும் கண்ணுல இருந்து விட்டுடாதீங்க." சரி, செத்தவனைத் தேடிப் போகிறவளுக்கும் ஒரு ஃபேமிலி.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். இரும்புத் தடுப்பு போட்டு வரிசையைப் பாம்பு மாதிரி வளைத்து விட்டிருந்தார்கள். அரை மணி நேரம் நடந்தும் பார்த்தால் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். முன்னால் ஒருத்தர் முதுகுப்பை என் மூக்கில் இடிக்கிறது. பின்னால் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கையை என் துணியில் துடைக்கிறது. அதன் அம்மா, "சாரிங்க, குழந்தைதானே" என்றாள். குழந்தை துடைத்து முடித்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

உள்ளே போனால் மேலே எல்லாம் தங்கம். எல்லாரும் கழுத்தை ஒடித்துப் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, போனைத் தூக்கிப் பிடித்து போனைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் மட்டும் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார். நான் கும்பிடவில்லை. கயிறு கட்டின இடத்தில் நின்று சாமியிடம் மனசுக்குள் சொன்னேன்: உன்னைப் பார்க்க வரவில்லை. உன் கூரையைப் பழுது பார்த்தவனைப் பார்க்க வந்திருக்கிறேன். அவனுக்கு மூச்சு கொடுக்கத் தெரியாத உன்னிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. சொன்னதும் பயமாக இருந்தது. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் உட்கார்ந்திருந்த புறா கடுகு அளவுக்குத் தெரிந்தது. அங்கேயா நின்றாய் பாவி?

மஞ்சள் குடை அரை மணி நேரம் கொடுத்தாள். "மியூசியத்துல ஒண்ணும் இல்ல ஃபேமிலி, ஒடஞ்ச மணியும் பழைய துணியும்தான். கடை நல்லா இருக்கும்." எல்லாரும் கடைக்குப் போனார்கள். நான் மியூசியத்துக்குப் போனேன். அங்கேயும் கூட்டம், வேறு பஸ் ஆட்கள்.

முதல் ரூமில் விரிசல் விட்ட மணி. இரண்டாவதில் கண்ணாடிக்குள் சரிகை போட்ட பழைய அங்கிகள். முந்நூறு வருஷத்துத் தையலாம். குனிந்து பார்த்தேன். ஓரம் மடித்த இடத்தில் கடைசி ஒரு சாண் தையல் எட்டி எட்டி விழுந்திருக்கிறது. அன்றைக்கும் யாரோ ஒருத்தி சீக்கிரம் முடிக்கச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாள்.

மூன்றாவது ரூம். ஜன்னல் பக்கம்.

இருந்தது, சுண்டு. கதவு அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. குழாய்ச் சாரத்தின் மேல் ஒருத்தன் நம்மைப் பார்த்து நிற்கிறான். தூசிக்காக மூக்கு வரை துணி கட்டியிருக்கிறான், தலையில் தொப்பி, முகமே தெரியவில்லை. கீழே "உச்சிச் சீரமைப்புப் பணி. தொழிலாளி ஒருவர்" என்று போட்டிருந்தது.

முகம் எனக்கு எதற்கு? சட்டை தெரியும். எங்கள் தையல் கூடத்தில் நர்சு உடுப்பு தைத்து மிஞ்சின வெளிர் நீலத்தில் நான் உனக்குத் தைத்தது. துணி பத்தாமல் பாக்கெட்டுக்கு மட்டும் கரு நீலம் வைத்தேன். பென்சில் செருக ஒரு சின்ன அறை வேண்டும் என்று நச்சரித்தாய், அதையும் தைத்தேன். போட்டோவில் வெளுத்த சட்டை, கறுத்த பாக்கெட், பென்சில் அறை, அதில் பென்சில். பாக்கெட்டின் வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக் கோணியிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் உறுத்தியது, என் தையல் கோணாதே என்று.

அப்புறம்தான் கையைப் பார்த்தேன். ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்திருந்த கை. வலது கை.

நீ வலது கையால் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. ஸ்பேனர், சீப்பு, கரண்டி, எல்லாம் இடதுதான். அப்படியானால் இது யார்? சட்டையை யாருக்காவது இரவல் கொடுத்தாயா? அவனைப் படம் பிடித்ததும் நீ உன்னுடையதாக ஆக்கிக்கொண்டாயா? "உனக்கே அடையாளம் தெரியாது" என்று இதற்குத்தான் முன்னாலேயே சொல்லி வைத்தாயா?

பின்னால் இருந்து தள்ளினார்கள். ரூமைப் பார்த்துக்கொள்கிற அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நகருங்க, நகருங்க, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி" என்றாள். நகர்ந்துவிட்டேன். பஸ்ஸில் மஞ்சள் குடை எண்ணிப் பார்த்து, "ஃபேமிலி எல்லாரும் வந்தாச்சு" என்றாள்.

வரவில்லை. ஒருத்தர் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் போன். போட்டோ இருந்ததா என்றான். இருந்தது என்றேன். முகம் தெரியுதா? இல்லை. எந்தக் கை?

பொய் சொல்லியிருக்கலாம். இடது என்று ஒரு வார்த்தை. உன் அக்காதானே, அளக்கத் தெரியாதா? வாய் வரவில்லை. வலது என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். "போகட்டும் விடும்மா. பேரும் தேதியும் போதும்" என்றான். மெதுவாகச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்தேன். கட்டின கை ஞாபகம் வந்தது.

உனக்கு நாலு வயசு. இடது கையால் சோற்றை எடுத்தால் அம்மாவுக்கு ஆகாது. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எந்த வீட்டுல போய்ச் சாப்பிடுவான்" என்பாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைத் துணியால் நாற்காலியோடு கட்டச் சொல்வாள். அம்மா சொன்னாள். கட்டினது நான். எனக்குப் பதினொன்று. தொளதொளவென்றுதான் கட்டுவேன். நீயும் அவிழ்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பாய், எனக்குத் திட்டு விழக் கூடாது என்று. பள்ளிக்கூடத்திலும் அதே கதை. விரல் கணுவில் ஸ்கேலால் அடி.

ஒருத்தராலும் உன்னை வலது கைக்காரனாக ஆக்க முடியவில்லை. ஒரு போட்டோ ஆக்கிவிட்டதே.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்டா.

காலையில் என் மிஷினுக்கு மேலே இருக்கிற டியூப்லைட் கண் சிமிட்டியது. மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறினார். நான் பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் காலர் வைக்கிறவள் காலர்தான், கை வைக்கிறவள் கைதான். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பாக்கெட். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இடது கையால் டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பாக்கெட்டின் வாய் கோணி மேலே இழுத்திருந்தது.

கோணல். அதே கோணல்.

"அண்ணே, அந்தக் கையை எறக்கிட்டு இந்தக் கையைத் தூக்குங்க" என்றேன். டியூப் விழுந்துடும்மா என்றார். ஒரு நிமிஷம் அண்ணே என்றேன். வலது கையைத் தூக்கினார். பாக்கெட் நேராகிவிட்டது. திரும்ப இடது. கோணல். வலது. நேர். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, அவருக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்றியா?" என்றாள். வரிசையே சிரித்தது. சூப்பர்வைசர் எழுந்து வந்துவிட்டார். வரட்டும்.

சட்டைக்குப் பாக்கெட் இடது நெஞ்சில்தான். எந்தக் கம்பெனி, எந்த நாட்டு ஆர்டர் ஆனாலும் நான் வலது பக்கம் வைத்ததில்லை. உனக்கும் இடது பக்கம்தான் வைத்தேன். போட்டோவில் தூக்கின கைக்கு நேர் கீழேதான் பாக்கெட் இருந்தது. அந்தக் கை இழுத்துத்தான் அதன் வாய் கோணியது. பாக்கெட்டும் தூக்கின கையும் ஒரே பக்கம் என்றால் அது இடது கை. அது வலது கையாகத் தெரிகிறது என்றால் படத்தையே திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

கையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேனே. நானே தைத்த பாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.

சூப்பர்வைசரிடம் வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். போன ஞாயிறுதானே டூர் போனீங்க என்றார். ஒரு போட்டோ கோணலாக இருக்கு, சரி பண்ணப் போறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மார்ச் 13, வெள்ளி

இந்த முறை மஞ்சள் குடை இல்லை. சாதாரண பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். கோயிலுக்குள்ளேயே போகவில்லை. நேராக மூன்றாவது ரூம்.

பாக்கெட் வலது நெஞ்சில் இருந்தது. சட்டையின் பொத்தான் பட்டியும் பெண்கள் சட்டை மாதிரி மாறி மூடியிருந்தது. இருந்தது இருந்தபடி.

நாற்காலி அம்மாவிடம் போய், இந்தப் படம் மாறிப் போயிருக்கு, யாரிடம் சொல்ல வேண்டும் என்றேன். "பதினோரு வருஷமா இதுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். பெரிய பெரிய புரொபசர் எல்லாம் பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். புரொபசருக்குச் சட்டை தைக்கத் தெரியுமா என்றேன். அவள் போனை எடுத்து ஆபீசரைக் கூப்பிட்டாள்.

ஆபீசர் வந்தாள். சின்னப் பெண், பெரிய கண்ணாடி. மரியாதையாகத்தான் பேசினாள், சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி. "நிபுணர் குழு வச்சு அமைச்ச காட்சிம்மா இது. உங்க வருத்தம் புரியுது."

"என் வருத்தத்தை விடும்மா. பாக்கெட்டைப் பாரு" என்றேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் திரும்பி அங்கே இருந்த ஆம்பிளைகளிடம் சொன்னேன், எல்லாரும் அவங்கவங்க பாக்கெட் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. ஒரு பஸ் ஆட்கள் மொத்தமும் தலையைக் குனிந்து சொந்த நெஞ்சைப் பார்த்தார்கள். மேலே தங்கத்தைப் பார்த்த அதே கவனம். இடது, இடது, இடது. பாக்கெட்டே இல்லாத ஒருத்தர் வருத்தமாக நின்றார். வாசல் காவல்காரர் தன்னுடைய உடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தத் தையலை எனக்குத் தெரியும். எங்கள் கூடத்து உடுப்பு. அந்தப் பாக்கெட் நான் வைத்ததாகக்கூட இருக்கலாம்.

காவல்காரரைக் கை தூக்கச் சொன்னேன். இந்தக் கை, அந்தக் கை. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றாள்.

"அஞ்சாவது. ஆனா பாக்கெட் இருபத்திரண்டு வருஷம்."

பழைய ஃபிலிம் எல்லாம் கீழே பெட்டியில் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அதோடு, படம் மாறியிருந்தாலும் அது உங்க தம்பிதான்னு அதனால ஆயிடாதும்மா என்றாள். தெரியும் என்றேன். நீ தேடு என்றேன்.

மார்ச் 19, வியாழன்

போன் இல்லை. மிஷின் மேலேயே போனை வைத்துத் தைக்கிறேன். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணி வந்து, எதற்கு இந்த வீம்பு, ஊரே சிரிக்கிறது என்றாள். ஊர் சிரிக்கட்டும், பல்லாவது காற்று வாங்கும் என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் போன் அடித்தது. கண்ணாடி ஆபீசர்.

ஃபிலிமைப் பின்பக்கமாக வைத்து அச்சுப் போட்டிருக்கிறார்களாம். படம் இடம் வலம் மாறினது உண்மைதானாம். ஃபிலிம் இருந்த உறையின் மேல் போட்டோ எடுத்தவர் பென்சிலால் அன்றைக்கு உச்சியில் இருந்த ஆளின் பெயரை எழுதியிருக்கிறார். வாசித்தாள். உன் பெயர். இரண்டு எழுத்து தப்பு, ஆனால் உன் பெயர்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"ரெண்டு எழுத்தையும் சரி பண்ணிப் போடும்மா" என்றேன். மிஷினை நிறுத்தாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது, ஒரு பாக்கெட்டின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அதைப் பிரிக்கவில்லை. பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணனோடு கல் வெட்டுகிற இடத்துக்குப் போனேன். அண்ணனே பேசினான். பெயர் சொன்னான், தேதி சொன்னான், அப்புறம் அந்த வரியையும் சொன்னான். கல் வெட்டுகிறவர் எழுத்து அதிகமாகுதே, சின்னதாக வெட்டட்டுமா என்றார். "பேர் எந்த அளவோ அதே அளவு" என்றான் அண்ணன்.



ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே கூட்டம், அதே வரிசை, அதே ஐஸ்கிரீம். நாற்காலி அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நகருங்க" என்று மற்றவர்களைச் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை.

புதுப் படம். ஸ்பேனர் இடது கையில். பாக்கெட் இடது நெஞ்சில், கோணலாக. கீழே "தொழிலாளி ஒருவர்" இல்லை. உன் பெயர், சரியான எழுத்தில்.

அண்ணன் பக்கத்தில் போய்ப் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தான். கடைசியில், "அந்த விமானக்காரனுக்கும் நெஜமாவே நீச்சல் கத்துக் குடுத்திருப்பானோ?" என்றான். மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

எல்லாம் நான் நினைத்த மாதிரியே முடிந்தது. யாரோடு சண்டை போட வேண்டுமோ எல்லாரோடும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் நீ சொன்னது காதில் விழுந்தது. பாத்தா உனக்கே அடையாளம் தெரியாதுக்கா.

நீ இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாய். இதே இடத்தில் நின்றிருக்கிறாய். ஸ்பேனர் எந்தக் கையில் இருந்தது என்று உனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் ஒருத்தரிடமும் மாற்றச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே விட்டிருக்கிறாய். அம்மா ஆசைப்பட்ட வலது கையோடு, வாத்தியார் அடித்தும் வர வைக்க முடியாத கையோடு, அவ்வளவு உயரத்தில், ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில் ஒருத்தன் நிற்கிறான். அவனை நீ எத்தனை தடவை வந்து பார்த்தாயோ.

அவனை நான் திருப்பிவிட்டேன். உன்னிடம் கேட்காமல்.

சொல்லுடா சுண்டு, இந்தத் தடவை நான் அந்தக் கையை அவிழ்த்துவிட்டேனா, இல்லை மறுபடியும் கட்டிவிட்டேனா?